ஆக்ஸ் இருக்கா?

ஜஹீராவுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. குரோம்பேட்டையில் இரண்டு கடை, தாம்பரத்தில் ஒரு கடை என்று ஏறி இறங்கியாகிவிட்டது. எல்லாக் கடையிலும் அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"கார் செட்ல ஆக்ஸ் இருக்கா?"

"ஆன்ட்டி, இப்பல்லாம் யாரும் வயர் சொருகிப் பாட்டு கேக்குறதில்ல. எல்லாம் ப்ளூடூத்துதான்" என்றான் முதல் கடைக்காரன். "பென் டிரைவ்ல ஏத்திக்குங்கம்மா, ஆயிரம் பாட்டு புடிக்கும்" என்றார் அடுத்தவர். மூன்றாவது கடைக்காரர் முறம் அளவுக்கு ஒரு திரையை எடுத்து வைத்து அதில் யாரோ ஆடுவதைப் போட்டுக் காட்டினார். கூட வந்த அயூப் அதன் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பின்பக்கம் முழுக்க அதில் தெரியுமாம். அவரை அங்கிருந்து கிளப்பி வெளியே கொண்டு வருவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அயூப் அவள் வீட்டுக்காரர். அஸ்தினாபுரத்தில் ஹார்டுவேர் கடை. ஆணி வாங்க வருகிறவரிடம் எந்தச் சுவருக்கு என்று விசாரித்து அரை மணி நேரம் பேசுகிற மனிதர், பெண்டாட்டியோடு கடைக்குப் போனால் மட்டும் காலில் வெந்நீர் ஊற்றியதுபோல் பறப்பார்.

"சனிக்கிழமை வியாபாரத்த விட்டுட்டு வந்திருக்கேன். உன் டப்பாவுக்காக ஊரெல்லாம் சுத்த முடியுமா? அதுல அப்படி என்னதான் பாட்டு வச்சிருக்க?"

"வச்சிருக்கேன்" என்றாள்.

டப்பா அவள் கைப்பையில் இருந்தது. மகன் இர்ஃபான் காலேஜில் படித்தபோது வாங்கிய, தீப்பெட்டி அளவில் ஒரு எம்.பி.த்ரீ பிளேயர். அவன் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போனபோது அலமாரியில் போட்டுவிட்டுப் போய்விட்டான். அதற்கு ப்ளூடூத் என்றால் என்னவென்றே தெரியாது. இயர்போன் சொருக ஒரு ஓட்டை, பதிவு செய்ய ஒரு பட்டன். அவ்வளவுதான்.

உள்ளே பாட்டு ஒன்றுகூட இல்லை. இருந்ததெல்லாம் ஷீலாவின் குரல்.

ஷீலா இரும்புலியூர்க்காரி. டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குச் சொல்லித் தருகிறவள். ஜஹீராவை விடப் பதினைந்து வயதாவது சின்னவள், ஆனால் அவள் போடுகிற அதட்டலில் எதிரே வருகிற ஆட்டோவே ஒதுங்கும். நாற்பத்தெட்டு வயதில் ஸ்டியரிங் பிடித்த ஜஹீராவுக்கு முதல் நாள் சொன்னது எதுவும் இரண்டாம் நாள் நினைவில் நிற்கவில்லை. வீட்டில் போய்த் திரும்பப் படிக்கலாமென்றால் இதென்ன சரித்திரப் பாடமா? அப்போதுதான் இர்ஃபானின் டப்பா ஞாபகத்துக்கு வந்தது. கைப்பையில் அதை ஓடவிட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனாள். பிறகு சமையலறையில் இயர்போனை மாட்டிக்கொண்டு, குழம்பு கொதிக்கிற நேரத்தில், தரையில் இடது காலால் கிளட்ச்சும் வலது காலால் பிரேக்கும் மிதித்துப் பழகினாள்.

"இன்னாக்கா, ரோட்டப் பாருன்னா கியரப் பாத்துகினு கீற? கியரு எங்கியும் ஓடிப் போவாது." "கிளட்ச்ச மெதுவா வுடுக்கா. தூங்குற கொயந்தயத் தொட்டில்ல போடுவ இல்ல, அந்த மாரி."

இதைக் கேட்டுக் கேட்டே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். வாங்கிய பிறகுதான் வினை. ஷீலாவின் குரல் இல்லாமல் அவளால் வண்டியை வாசலை விட்டு எடுக்க முடியவில்லை. எந்தக் கால், எந்தப் பெடல் என்று உள்ளங்கை வியர்த்துவிடும். ஒரு நாள் அயூப் பக்கத்தில் இருக்கும்போதே, ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டி முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தாள். அன்றைக்கு வண்டி அழகாகப் போயிற்று. ஆனால் தெருமுனையில் பைக்கில் வந்த ஒருவன் அடித்த ஹாரன் அந்தக் காதில் விழவே இல்லை. மயிரிழையில் தப்பினான். அதோடு இயர்போனைத் தூக்கிப் போட்டவள், குரல் வண்டிக்குள்ளேயே வெளிப்படையாக ஒலிக்க வேண்டும், அதற்கு டப்பாவின் வயரைச் சொருக ஆக்ஸ் ஓட்டை உள்ள செட் வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருந்தாள். அவர்கள் வண்டியில் இருந்த பழைய செட்டில் எஃப்.எம். மட்டும்தான் பாடும். பென் டிரைவில் ஏற்றித் தரச் சொல்லி யாரிடமாவது டப்பாவைக் கொடுத்தால், கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அந்த வெட்கம் அவளுக்கு இருந்தது.

அவசரத்துக்குக் காரணம் சோயா. மகள் சோயா இருப்பது குன்றத்தூரில். பிரசவ லீவு முடிந்து திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போக வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஜஹீரா தினமும் காலையில் போவதாக ஏற்பாடு. இரண்டு பஸ் மாறிப் போனால் சோயா கிளம்புகிற நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அயூப் கொண்டுபோய் விட்டால் கடை திறக்கிற நேரம் போய்விடும்.

"நானே ஓட்டிட்டு வந்துர்றேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டாள்.

"அம்மா, பிளே ஸ்கூல்லயும் விசாரிச்சு வச்சிருக்கேன், கைக்குழந்தையக்கூடப் பாத்துக்குவாங்களாம். உன்னால முடியலன்னா சொல்லிடு" என்றாள் சோயா. பிறந்து ஆறு மாதம்கூட ஆகாத குழந்தையை யாரோ ஒருத்தியிடம் கொடுப்பதா? அந்த வார்த்தை ஜஹீராவின் நெஞ்சில் முள்ளாக நின்றது.

நான்காவது கடை பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. ரோடு என்கிற ஹைவேயின் மேலேயே இருந்தது. அயூப்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். கடைக்காரர் பெயர் தோத்தாத்ரி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு எதிரில் இருப்பதைத் தேடுகிற ஆள். அவள் கேள்வியைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை.

"ஆக்ஸ் இருக்கு மேடம். பழைய மாடல் ஒண்ணு கிடக்கு" என்றார். ஜஹீராவுக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

மளமளவென்று வேலை நடந்தது. வண்டியில் இருந்த பழைய செட்டைத் தோத்தாத்ரி கழற்றி, அளவு பார்த்தார். பிறகு உள்ளே வந்து, சுவர் முழுக்க ஸ்பீக்கர்களாக அடுக்கியிருந்த இடத்தில் புதிய செட்டை வயர் கொடுத்து நிறுத்தினார்.

"உங்க பிளேயரக் குடுங்க. ஒத்துப்போகுதான்னு பாத்துருவோம்."

"வேணாம். ஒத்துப்போகும்" என்றாள் ஜஹீரா அவசரமாக.

"பாக்காம எப்படிம்மா வாங்குறது?" என்று அயூப் அவள் கைப்பைக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டார். அவள் தடுப்பதற்குள் தோத்தாத்ரி வயரைச் சொருகிப் பட்டனை அழுத்தினார்.

சுவர் முழுக்க லாரி ஹாரன் அலறியது.

ஜஹீராவுக்கு உடம்பெல்லாம் கூசியது. கடைசியாகப் பதிவு செய்ததுதான் முதலில் பாடும் என்பதை மறந்தே போயிருந்தாள். அது கடைசி நாள் வகுப்பு. இரும்புலியூர் பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்றுபோன நாள். அதை மட்டும் அவள் ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்டதில்லை. டப்பாவை எடுத்ததும் பழைய வகுப்புகளுக்குத் தள்ளிவிடுவாள். அன்று பின்னால் நின்ற லாரியின் ஹாரனைத் தவிர அவள் காதில் வேறொன்றும் ஏறவில்லை. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லித் தருகிறவருக்கென்று இருக்கிற பிரேக்கை ஷீலா பிடித்திருக்காவிட்டால் வண்டி பின்னால் போய் லாரியில் மோதியிருக்கும் என்று வீட்டில் வந்து அழுதாள். அப்படியென்றால் லைசென்ஸை அந்தப் பெண்ணின் காலுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று அயூப் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை.

"ஆஃப் பண்ணுங்க சார்" என்றாள். ஹாரன் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

"ஷீலா! வண்டி பின்னாடி போகுது! பிரேக்கப் புடி! நீ புடி!" என்று அவளுடைய குரலே எல்லா ஸ்பீக்கரிலிருந்தும் கதறியது. தெருவில் போன இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"நான் எங்கக்கா புடிக்கிறது?" என்றது ஷீலாவின் குரல், சாவகாசமாக. "என் காலு எங்க கீதுன்னு கொஞ்சம் திரும்பிப் பாரு. சீட்டு மேல சம்மணம் போட்டு ஒக்காந்துகினு கீறேன். வண்டியப் புடிச்சுகினு கீறது நீதான்."

மறுபடியும் ஹாரன். தோத்தாத்ரியின் கை பட்டன் மேலேயே நின்றது.

"லாரிக்காரன் கத்துனா கத்தட்டும், வூட்ல சண்ட போட்டுகினு வந்திருப்பான். போன வாரத்துலேர்ந்து நான் ஒரு பெடலும் தொடலக்கா. சொன்னா பயந்துடுவன்னுதான் சொல்லல. இப்ப ஹாஃப் கிளட்ச்சு வை. ஆங், அப்டித்தான். வுடு... வுடு..."

எஞ்சின் உறுமியது. ஹாரன் சத்தம் மெல்லப் பின்னால் போய்த் தேய்ந்தது.

"ஏறிட்ச்சு பாரு" என்றாள் ஷீலா.

"நீதானே ஏத்துன?" என்றது ஜஹீராவின் குரல், மூச்சிரைக்க.

"அட போக்கா."

அதோடு பதிவு முடிந்துவிட்டது. தோத்தாத்ரி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு, டப்பாவை ஒரு தரம் திருப்பிப் பார்த்தார்.

"சவுண்ட் கிளியரா இருக்கு மேடம்" என்றார்.

ஜஹீரா அந்த ஸ்பீக்கர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். போன வாரத்துலேர்ந்து என்றாளே! அப்படியானால் சானடோரியம் சிக்னலில் நிறுத்தியது யார்? முடிச்சூர் ரோட்டில் குறுக்கே ஓடிய நாய்க்குப் பிரேக் போட்டது யார்? அவள்தான். அத்தனையும் அவளுடைய இரண்டு கால்கள்தான். சந்தோஷத்தை விட முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் ராத்தூக்கம் இல்லாமல் செத்துக்கொண்டிருந்தேனே, ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் இந்தப் பெண்ணுக்கு! பிறகுதான் நினைத்துப் பார்த்தாள். சொல்லத்தான் செய்திருக்கிறாள். கேட்கத்தான் ஆள் இல்லை.

"பில் போடட்டுமா?" என்று தோத்தாத்ரி கேட்டார். "ஒரு சின்ன விஷயம். உங்க வண்டிக்கு இது உக்கார ஃப்ரேம் வேணும். அது செவ்வாய்க்கிழமைதான் வரும். அதுவரைக்கும் பழசையே மாட்டித் தந்துடவா?"

"வேணாம்" என்றாள் ஜஹீரா. "செவ்வாய்க்கிழமை வந்து பாத்துக்கிறோம். அந்தப் பெரிய ஸ்க்ரீன்கூட உங்ககிட்ட இருந்தா இவருக்குக் காட்டுங்க, எனக்கு எதுவா இருந்தாலும் பரவாயில்ல."

வெளியே வந்ததும் அயூப் வழக்கம்போல் டிரைவர் பக்கக் கதவுக்குப் போனார். ஜஹீரா அவருக்கு முன்னால் போய் நின்று கையை நீட்டினாள்.

"ஹைவே ஜஹீரா. சாயங்கால டிராஃபிக் வேற."

"தெரியுங்க."

அவர் கடைக்குள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அந்தச் சுவரிலிருந்து இன்னொரு அதட்டல் வந்துவிடுமோ என்று பயந்தாரோ என்னவோ, சாவியை அவள் கையில் வைத்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் ஏறினார்.

டாஷ்போர்டில் செட் இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. உள்ளே சிவப்பும் மஞ்சளுமாக வயர்கள் தொங்கின. ஷீலாவும் இல்லை, எஃப்.எம்.மும் இல்லை. ஜஹீரா பிஸ்மில்லா சொல்லி வண்டியை எடுத்தாள். உள்ளங்கை வியர்க்கத்தான் வியர்த்தது. வியர்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இரும்புலியூர் பாலத்து ஏற்றத்தில் முன்னால் போன பஸ் சடாரென்று நின்றது. ஜஹீராவும் நிறுத்தினாள். அயூப்பின் வலது கால் தரை மிதியடியைத் தொம்மென்று உதைத்தது. பெருங்களத்தூரிலிருந்து அவர் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் வந்தார். ஒவ்வொரு மிதிக்கும் அவள் கண் ரோட்டை விட்டுத் தன் பெடலுக்குப் போய்த் திரும்பியது. பின்னாலிருந்து ஹாரன் கிளம்பியது. ஒன்றல்ல, ஒரு கூட்டமே கத்தியது.

"காலத் தூக்கி சீட்டு மேல வைங்க" என்றாள் ஜஹீரா, ரோட்டைப் பார்த்தபடியே.

"என்னது?"

"சம்மணம் போட்டு உக்காருங்க. அங்க பிரேக் இல்ல."

முட்டி வலி என்று நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறவர் அயூப். பஸ் நகரத் தொடங்கியது. ஹாரன் இன்னும் வலுத்தது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். முனகிக்கொண்டே ஒரு காலை மடக்கி மேலே வைத்து, இரண்டாவது காலைக் கையால் பிடித்து இழுத்து அதன் மேல் போட்டுக்கொண்டார்.

ஜஹீரா கிளட்ச்சை விட்டாள், மெதுவாக. வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை. பாலத்தின் மேல் ஏறி, இறங்கி, தாம்பரத்தைத் தாண்டி, சானடோரியம் சிக்னலில் நின்று, மறுபடியும் புறப்பட்டது. குரோம்பேட்டையில் வீட்டுக்குத் திரும்புகிற இடம் வந்தது. அவள் திரும்பவில்லை.

"எங்க போற?"

"குன்றத்தூருக்கு. சோயாவுக்கு ஒரு போன் போட்டு, அம்மா ஓட்டிட்டு வர்றாங்கன்னு சொல்லுங்க. அந்த பிளே ஸ்கூல் நம்பரையும் அழிச்சிடச் சொல்லுங்க."

அயூப் போனை எடுத்தார். கால்களை அவர் கீழே இறக்கவில்லை.