ஐந்து மணிக்கு அசையாத சந்தை

“மூணு வேளையும் வெள்ளைச் சோறு கிடைக்குது. இல்லேன்னு நான் சொன்னேனா?” என்றான் சாங்து. “ஆனா சூனிம் அம்மா, சோறு போட்ட கையாலயே வாயையும் தைப்பேன்னு அரசாங்கம் சொன்னா எப்படி?”

“வாயைத் தைச்சா சோறு எந்த வழியா உள்ள போகும்? உளறாம சாப்பிடுங்க,” என்று சிரித்தாள் அவன் மனைவி ஜொம்ரே.

மறுநாள், வீட்டுக்கு ஓராள் கட்டாயம் வந்து உட்கார வேண்டிய மாதக் கூட்டத்தில், கப்பல் பட்டறையில் பதினான்கு மணி நேரம் வேலை வாங்குவது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று சாங்து எழுந்து கேட்டான். அதற்கு மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். “அரை மணியில வந்துடுவாரு,” என்று சொல்லி அழைத்துப் போனார்கள். இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

“எங்கயும் போய்க் கேக்காத,” என்று அப்போதே சொல்லிவிட்டான் ஜொம்ரேயின் அண்ணன் தால்சிக். வட்ட அலுவலகத்தில் அவனுக்கு உத்தியோகம். “கேட்டா உன் பேரும் மேல போகும். பேசாம இருந்தா ஒருநாள் வாசல்ல வந்து நிப்பாரு.”

அவள் பேசாமல் இருந்தாள். வீட்டுக்கு ஓட்டுக் கூரை வந்தது. தையல் இயந்திரம் வந்தது. போன மாதம் குளிர்பெட்டி வந்தது. கணவனைத் தவிர எல்லாமே வாசலில் வந்து நின்றன. ராத்திரி அந்தப் பெட்டி உறுமும்போது அடுத்த அறையில் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு அழுவதுபோல இருக்கும்.

அண்ணனை அவளால் வெறுக்கவும் முடியவில்லை. பார்லி விளையுமுன் வரும் பஞ்ச மாதத்தில் பைன் மரப்பட்டையை வேகவைத்துத் தின்றவர்கள் அவர்கள். வயிறு ஊதிச் செத்த தம்பியைக் குழிக்குத் தூக்கிப் போனவன் தால்சிக்தான். அவனுக்குப் பசி என்றால் பேயைக் கண்ட பயம். இன்று பூசான் நகரம் முழுக்கப் புகைபோக்கிகள். எந்தப் பிள்ளைக்கும் வயிறு ஊதவில்லை. அதுவும் பொய்யில்லையே.

ஒருநாள் மாலை மீன் சந்தையில் அவன் எதிர்ப்பட்டான். “கானாங்கெளுத்தி வாங்கினியா? விலையைக் கேட்டா மீனே முழிக்குதேடி,” என்று சிரித்துக்கொண்டிருந்தபோதே மணி ஐந்தானது. ஒலிபெருக்கியில் நாட்டுப்பண் எழுந்தது. கொடி இறக்கும் நேரம். சந்தை மொத்தமும் அலுவலகக் கம்பத்தை நோக்கித் திரும்பி, கையை நெஞ்சில் வைத்து நின்றது. தால்சிக்கும் நின்றான், கண்கள் மட்டும் சுழன்றன. யார் அசைகிறார்கள் என்று குறித்துக்கொள்வது அவன் வேலை.

பாட்டு முடிந்தது. யாரும் கையை இறக்குமுன் மறுபடி தொடங்கியது.

மூன்றாம் முறையும் வந்தது. அடுப்பிலிருந்த மீன் கருகிப் புகைந்தது, கடைக்காரி திருப்பவில்லை. பேருந்துப் படியில் ஒரு கிழவர் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றார். தொட்டியிலிருந்து ஒரு ஆக்டோபஸ் வழிந்து இறங்கி, ஒருவனின் செருப்பின் மேல் ஏறி மறுபுறம் போயிற்று. அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அந்தச் சந்தையில் உயிருள்ளது அது ஒன்றுதான் என்று தோன்றியது ஜொம்ரேக்கு.

“பாட்டு நாடா சிக்கிடுச்சு,” என்றான் தால்சிக், உதடு அசையாமல்.

“போய் நிறுத்தேன் அண்ணே.”

“அசைஞ்சா எழுதிடுவாங்க.”

“எழுதுறவனே நீதானே?”

“என்னை எழுதவும் ஒருத்தன் இங்க நின்னுட்டிருப்பான்டி.”

அவன் நெற்றியில், அந்தக் குளிரிலும், வியர்வை. இரண்டு வருஷமாக அவள் சாங்துவைப் பற்றி வாயைத் திறக்கும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவான். இன்று அவனால் ஓரடி நகர முடியாது. கேட்டால் சந்தை முழுக்கக் கேட்கும். அவன் வேலை போகும். பிள்ளை சூனிமின் பள்ளிக்கூடம் போகலாம். சாங்து எங்கேயாவது உயிரோடு இருந்தால், அந்த உயிரும் போகலாம். ஆனால் பேசாமல் இருந்து எதைக் காப்பாற்றினோம்?

ஆறாம் முறை பாட்டு முடிந்தது. அடுத்தது தொடங்குமுன் வந்த அந்த நிசப்தத்தில், ஜொம்ரே நெஞ்சிலிருந்த கையை எடுத்தாள். நூறு கண்கள் அவள் பக்கம் உருண்டன. ஒரு தலையும் திரும்பவில்லை.

“அண்ணே,” என்றாள், சந்தைக்கே கேட்க, “சூனிம் அப்பாவை எங்க வச்சிருக்காங்கன்னு கேட்டுச் சொல்லு. உசிரோட இருந்தாலும் சரி, மண்ணுக்குள்ள இருந்தாலும் சரி, எனக்கு அவரைக் கூட்டிட்டு வந்து குடு.”