எல்லாத் தலைக்கும் ஒரே ஞாயிறு

மூலக்குளத்தில் அஞ்சலாட்சியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் ஆண்கள்கூட அவளைத்தான் முன்னால் விட்டு ஆபீசுக்குப் போவார்கள். அப்படிப்பட்டவள், நான்காம் வகுப்புப் படிக்கும் தன் மகளின் தலையில் ஊர்ந்த பேனிடம் தோற்றுக்கொண்டிருந்தாள்.

மகள் சுடர்விழிக்கு இடுப்பைத் தொடும் முடி. ரெட்டை ஜடை போட்டு ரிப்பன் கட்டி முடிப்பதற்குள் அடுப்பில் ஏதாவது ஒன்று தீய்ந்துவிடும். அஞ்சலாட்சி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிஸ்கட் கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்குப் போகிறவள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் ஓய்வு. அந்த ஓய்வைப் பேன் தின்றது. மடியில் வெள்ளைத் துண்டை விரித்து, மகளைக் குனியவைத்துப் பேன் சீப்பால் வாருவாள். எள் சிந்தியதுபோல விழும். நசுக்கி நசுக்கி நகக்கண் வலிக்கும். திங்கட்கிழமை மகள் துள்ளிக்கொண்டு பள்ளிக்குப் போவாள். அந்த வாரம் முடிவதற்குள் மறுபடியும் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பாள்.

வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள். மருந்துக்கடை ஷாம்பு போட்டுப் பார்த்தாள். கம்பெனியில் யாரோ சொன்னார்களென்று சீத்தாப்பழக் கொட்டையை அரைத்துப் பூசியபோது அது வழிந்து குழந்தையின் கண்ணில் பட்டுவிட்டது. கண் ரத்தச் சிவப்பாகி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. அவள் கணவன் வடிவேல் லோடு வண்டி ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன். அன்றைக்கு அவன் ஒன்றே ஒன்று சொன்னான்.

"பேசாம பாய் கட் அடிச்சி வுட்டுடு."

"வெட்டினா எனக்கும் வேலை மிச்சம். அவளக் கேளு."

சுடர்விழி கண்ணில் போட்ட கட்டோடு, இரண்டு ஜடையையும் கையில் பிடித்துக்கொண்டு சுவர் மூலையில் போய் நின்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

காலாண்டு விடுமுறை வந்தது. கண் ஆறியதும் அஞ்சலாட்சி மகளின் தலையை ஒருமுறை ஒட்ட வாரிச் சுத்தம் செய்து, நோணாங்குப்பத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். படகுத்துறையில் சுற்றிச் சுற்றிக் கறுத்துப்போய்த் திரும்பிவந்தாள் பெண். ஆனால் தலையில் ஒரு பேன் இல்லை, ஓர் ஈர் இல்லை. அஞ்சலாட்சிக்கு நம்ப முடியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தாள். சுத்தம்.

பள்ளி திறந்த வாரமே எல்லாம் திரும்பிவிட்டது.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. பேன் தன் வீட்டில் விளையவில்லை. இவள் இங்கே களை பிடுங்கப் பிடுங்க, அங்கே யாருடைய தலையிலிருந்தோ விதை விழுந்துகொண்டிருக்கிறது. இதை எப்படிப் பள்ளியில் போய்ச் சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதே, பள்ளி முந்திக்கொண்டது.

நவம்பர் ஒன்றாம் தேதி, பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போன விடுதலை நாளுக்குக் கலைவாணி டீச்சர் ஒரு நடனம் பழக்கிக்கொண்டிருந்தார். சுடர்விழிக்கு முன்வரிசை. ஒரு சாயங்காலம் அவள் பையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"டான்ஸ்ல நான் இல்லியாம்மா."

"ஏண்டி?"

"கவிநிலா அம்மா வந்து பெரிய சாருகிட்ட சொல்லிட்டாங்க. என்னாலதான் எல்லாருக்கும் பேன் வருதாம். கடைசி பெஞ்சில தனியா குந்த வெச்சிட்டாங்க."

கவிநிலா பெஞ்சில் சுடர்விழிக்குப் பக்கத்து இடத்துக்காரி, உயிர்த்தோழி. அவள் அம்மா அன்னக்கிளி அடுத்த தெருவில் புதிதாக மாடி வீடு கட்டிக் குடிவந்தவள். புருஷன் மின்துறையில் வேலை. இஸ்திரி மடிப்புக் கலையாத புடவையில்தான் அவளை யாரும் பார்த்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் அஞ்சலாட்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளி வாசலில் போய் நின்றாள். அன்னக்கிளியை நாலு பேர் பார்க்கக் கேட்டுவிடுவது என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்திருந்தாள். அன்னக்கிளி மகளை ஸ்கூட்டரிலிருந்து இறக்கிவிட்டாள். கவிநிலாவின் ஜடையில் வெள்ளை ரிப்பன். அந்த வெள்ளையில் ஒரு பேன் சாவகாசமாக ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

கேட்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? அஞ்சலாட்சி வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தப் பிள்ளை ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

"ஆன்ட்டி, சுடரு எங்க? அவ இல்லாம பெஞ்சு நல்லாவே இல்ல."

அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு கோத்துவைத்த வார்த்தைகளைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. நேராகப் பஸ் ஏறிக் கம்பெனிக்குப் போய்விட்டாள்.

கம்பெனியில் எல்லாரும் முடியை மூடித் தொப்பி போட வேண்டும். அன்று தொப்பிக்குள் அவளுக்குத் தாங்க முடியாத அரிப்பு. பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தி, முடியை அவிழ்த்துச் சீவினாள். வாஷ்பேசினின் வெள்ளையில் ஒன்று விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. சட்டென்று குழாயைத் திறந்துவிட்டாள். கதவிடுக்கில் யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாருக்கும் பயப்படாத தனக்கே இப்படியென்றால், அந்த மாடி வீட்டுக்காரி எத்தனை நாள் இப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருப்பாளோ என்று தோன்றியது.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். தலைமையாசிரியர் ஜானகிராமன் நல்ல மனிதர்தான், ஆனால் யார் குரலை உயர்த்தினாலும் மிரண்டுவிடுவார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"பேன் இருக்கற பிள்ளைங்க சுத்தமாகற வரைக்கும் வீட்லயே இருக்கட்டும்னு சில பேரு கேக்கறாங்க. யார் வீட்ல இருக்குன்னு நீங்களே சொல்லிட்டா நல்லது."

ஒருத்தி, தங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது என்றாள். இன்னொருத்தி, தன் மகளுக்குப் பொடுகுதான் என்றாள். முன்வரிசையிலிருந்து அன்னக்கிளி திரும்பாமலே சொன்னாள்.

"இருக்கறவங்க ஒத்துக்கினா போதும் சார்."

அஞ்சலாட்சி எழுந்தாள். நாற்காலிகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. சண்டை வரப்போகிறது என்று சிலர் நிமிர்ந்தே உட்கார்ந்தார்கள்.

"எங்க வூட்ல இருக்குது சார். எம் பொண்ணு தலையில இருக்குது. என் தலையிலயும் இருக்குது. கம்பெனி பாத்ரூம்ல சீவிப் பாத்தேன், வுழுந்துச்சி."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"சிரிங்க. உங்க எடத்துல இருந்தா நானுந்தான் சிரிச்சிருப்பேன். லீவுல எங்க நாத்தனா வூட்ல இருந்தப்ப எம் பொண்ணு தலையில ஒண்ணு கெடையாது. பள்ளிக்கூடம் தொறந்ததும் வந்துடுச்சி. யாரு குடுத்தாங்கன்னு கேக்க நான் வரல. இந்த வாரம் நான் எடுப்பேன், அடுத்த வாரம் நீங்க எடுப்பீங்க. அது இந்தத் தலையிலேருந்து அந்தத் தலைக்குக் குடித்தனம் மாத்திக்கினே இருக்கும். எல்லாரும் ஒரே நாள்ல எடுத்தா அது எங்க சார் போவும்?"

உட்காரலாமா வேண்டாமா என்று தெரியாமல் அவள் நின்றுகொண்டிருந்தாள். அப்போது மேசையருகிலிருந்து கலைவாணி டீச்சர் எழுந்தார்.

"எனக்கும் இருக்கு சார். நடனம் சொல்லிக் குடுக்கும்போது வந்திருக்கும். வெக்கமா இருந்துச்சு, சொல்லல."

ஜானகிராமன் சார் கைக்குட்டையை மறுபடியும் எடுத்தார். பொடுகு என்றவள் மெதுவாகக் கையைத் தூக்கினாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு கை. பிறகு வரிசை வரிசையாகக் கைகள் எழுந்தன. கடைசியில் வழுக்கைத் தலை அப்பா ஒருவர் எழுந்து, "எனக்கு வழியில்ல. எம் பொண்டாட்டிக்கு இருக்குது, எழுதிக்குங்க," என்றார். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே அன்னக்கிளி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க வூட்ல இல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேறினாள்.

அதற்குமேல் வேலை வேகமாக நடந்தது. டீச்சர் சுகாதார நிலையத்து நர்ஸிடம் பேசினார். நர்ஸ் தெளிவாகச் சொல்லியனுப்பினார்: எல்லாத் தலைக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும், மருந்துக்குத் தப்பிய ஈர் பொரிந்து வரும், அதனால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் போட வேண்டும். பலர் தோற்பது அந்த இரண்டாம் தடவையை விட்டுவிடுவதால்தான்.

மறுநாள் ஞாயிறு. மழை விட்டு வெயில் அடித்தது. வடிவேல் லோடு வண்டியில் தண்ணீர் டிரம்களை ஏற்றிவந்து பள்ளி முற்றத்தில் இறக்கினான். அம்மாக்கள் பாயும் பக்கெட்டும் பழைய துண்டுமாக வந்து சேர்ந்தார்கள். பொடியன்களும் தப்பவில்லை. மருந்தை ஊறவிட்டு அலசி, ஈரத்தலையை அடுக்கடுக்காகப் பிரித்து வாரினார்கள். எந்தத் துண்டில் அதிகம் விழுகிறது என்று பிள்ளைகளுக்குள் போட்டியே நடந்தது. நேற்றுவரைக்கும் ஒளித்துவைத்த சங்கதியை இன்று உரக்க எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

நர்ஸ் வருகைப் பட்டியலைச் சரிபார்த்துவிட்டு அஞ்சலாட்சியிடம் வந்தார்.

"கவிநிலான்னு ஒரு பொண்ணு மட்டும் வரல. ஒரு தலை மிஞ்சினாலும் திரும்ப எல்லாருக்கும் வந்துடும்மா."

அஞ்சலாட்சி தன் தலைக்கு இன்னும் மருந்து போட்டுக்கொள்ளவில்லை. சீப்பையும் துண்டையும் எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தாள்.

அன்னக்கிளி கிரில் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"எங்க வூட்ல இல்லன்னு நேத்தே சொன்னேனே."

"உங்க வூட்டுக்குப் பாக்க வரலக்கா. என் தலைக்குப் பாக்க ஆளில்ல. அங்க எல்லாரும் அவங்கவங்க புள்ளையப் பாத்துக்கினு இருக்காங்க. பின்கழுத்துப் பக்கம் எனக்குக் கைக்கு எட்டல. நீங்க கொஞ்சம் வாரி வுடறீங்களா?"

அன்னக்கிளி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கேலி செய்கிறாளோ என்று தேடினாள். அப்படி ஒன்றும் தெரியவில்லை. கதவு முழுசாகத் திறந்தது.

மாடிப்படியில் கீழே அஞ்சலாட்சியும் மேலே அன்னக்கிளியும் உட்கார்ந்தார்கள். முதலில் தயங்கித் தயங்கி வாரிய கை, கொஞ்ச நேரத்தில் வேகம் பிடித்தது. காதோரம், பிடரி, வகிட்டு முனை என்று பேன் ஒளிகிற இடமாகத் தேடிப் போயிற்று.

"நல்லாப் பழகின கை மாதிரி இருக்குதேக்கா."

சீப்பு நின்றது. மேலே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"தெனம் பாக்கறேன் அஞ்சலாட்சி. அவருக்குக்கூடத் தெரியாம ரூம்ல கதவச் சாத்திக்கினு பாக்கறேன். போவவே மாட்டேங்குது. மாடி வூடு கட்டினவ புள்ளைக்குப் பேனாம்னு சொல்லுவாங்களேன்னு பயம். வேற யார் மேலயாவது போட்டுட்டா நம்ம மேல வராதுன்னு நெனச்சிட்டேன்."

அஞ்சலாட்சிக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த மகளின் முகம் கண்முன் வந்தது. கேட்டுவிடலாம்தான். ஆனால் தன் கழுத்தில் சொட்டிய கண்ணீரின் சூடும் பொய்யில்லை.

"இத எங்கிட்ட சொல்லாதீங்கக்கா. சுடர்விழிகிட்ட சொல்லுங்க. கவிநிலாவக் கூப்பிடுங்க, மருந்து தீந்துடப்போவுது."

அன்னக்கிளி வந்தாள். முற்றத்தில் அத்தனை பேர் பார்க்க, சுடர்விழியின் முன் குந்தி உட்கார்ந்து சொன்னாள். "உன் மேல தப்பில்ல கண்ணு. ஆன்ட்டிதான் தப்பாச் சொல்லிட்டேன்." சுடர்விழிக்கு அதைக் கேட்க நேரமில்லை. கவிநிலாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தண்ணீர் டிரம் பக்கம் ஓடிவிட்டாள். திங்கட்கிழமை இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

அடுத்த ஞாயிறும் ஒருவர் விடாமல் வந்தார்கள். இந்தத் தடவை துண்டில் விழுந்தவை எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குஞ்சுகள். அவையும் முதல் வாரலிலேயே தீர்ந்தன. அதற்கு அடுத்த சனிக்கிழமை நர்ஸ் சோதனைக்கு வந்தார். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அம்மாக்கள் சுவரோரம் நின்றார்கள், தேர்வு முடிவுக்கு நிற்பதுபோல. நர்ஸ் ஒவ்வொரு தலையாகப் பிரித்துப் பார்த்து "போ" என்றார். கவிநிலா போனாள். கடைசியாக, முடி அதிகம் என்பதால், சுடர்விழி. நர்ஸ் இடுப்புவரை நீண்ட முடியை நாலு பாகமாகப் பிரித்தார். வெள்ளைத் துண்டில் மெதுவாக வாரினார். துண்டைத் தூக்கி வெயிலில் காட்டினார்.

"ஒண்ணும் இல்ல. மொத்தப் பள்ளிக்கூடமும் சுத்தம்."

முற்றம் அதிர்ந்தது. பொடியன்கள் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டினார்கள். ஜானகிராமன் சார் முதல் தடவையாகச் சத்தத்துக்கு மிரளாமல் நின்று கைதட்டினார். கலைவாணி டீச்சர் கைப்பேசியை ஸ்பீக்கரில் மாட்டி, "சுடர்விழி, முன்வரிசைக்கு வா. நம்ம நடனத்த அம்மாங்களுக்கு ஆடிக் காட்டலாம்," என்றார்.

பெண்கள் வட்டம் கட்டினார்கள். தலையோடு தலை முட்டிக் குனிந்து, சட்டென்று நிமிர்ந்து விரிந்தார்கள். பயமில்லாமல் முட்டிக்கொண்டார்கள். சுடர்விழியின் ஜடை இரண்டும் காற்றில் சுழன்றன. அன்னக்கிளி மடிப்புக் கலைவதைப் பார்க்காமல் புடவையைச் செருகிக்கொண்டு அஞ்சலாட்சியின் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்தாள். "எனக்கு ஆடத் தெரியாதுக்கா," என்றாள் அஞ்சலாட்சி. "எனக்கு மட்டும்?" என்றாள் அன்னக்கிளி.

ஆடினார்கள். பாட்டு உச்சத்துக்குப் போனபோது அஞ்சலாட்சிக்குத் தாங்கவில்லை. இரண்டு விரலை மடக்கி வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் வில்லியனூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்த தனியார் பஸ், கண்டக்டர்தான் அடித்தார் என்று நினைத்துக்கொண்டு, ஸ்டாப்பிங்கே இல்லாத இடத்தில் நின்றுவிட்டது.