விழுந்தால் அடிபடாத வண்டி

“விழுந்தா அடிபடாத வண்டி ஒண்ணு இருக்கு மாப்ள, வந்து ஒக்காந்து பாரு” என்றுதான் காசிமாயன் என்னைக் கூட்டிப்போனான். நாகமலை புதுக்கோட்டையில், காலேஜ் பிள்ளைகள் வந்து விளையாடும் ஒரு மாடி அறை. நாலு பெரிய திரை. ஒன்றின் முன்னால் மட்டும் அசல் ஸ்டீரிங், காலுக்கு மூன்று பெடல், பக்கத்தில் கியர். காசிமாயனுக்குக் கீழே டீக்கடையில் வேலை. டீத்தூக்கோடு ஒரு காலை இழுத்து இழுத்துப் படியேறி வரும்போதெல்லாம் நின்று பார்த்திருக்கிறான்.

எட்டு மாதத்துக்கு முன்னால், சமயநல்லூர் தாண்டி, ஜல்லி ஏற்றிய டிப்பரை ஓடைக்குள் கவிழ்த்தேன். எனக்குச் சிராய்ப்பு. கிளீனராக வந்த காசிமாயனுக்கு இடது கால் நசுங்கிவிட்டது. ஏன் இப்படிச் செய்தாய் என்று அவன் ஒரு சொல் கேட்டதில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு தடவை சீட்டில் ஏறிய நான், கை உதறி, சாவியைத் திருப்பாமலே இறங்கிவிட்டேன். திங்கட்கிழமையும் வண்டி எடுக்காவிட்டால் வேறு டிரைவர் போடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். கல் சுமந்தவர்கள் வீட்டில் பிறந்து, சுமையைத் தலையிலிருந்து வண்டிக்கு மாற்றிக்கொண்டவன் நான். திரும்பத் தலைக்கு ஏற்ற கழுத்து தாங்காது.

கடை நடத்தும் சூர்யபிரகாஷ் விளக்கினான். “இது ரேலிண்ணே, கார் ரேஸு. காடு, மலை, மண்ரோடு. சீக்கிரம் போய்ச் சேரணும், அம்புட்டுதான்.”

“ஹாரன் எங்கப்பா?”

“எதிர்ல வண்டியே வராதுண்ணே.”

எதிரில் எதுவும் வராத ரோட்டை நான் ஜென்மத்தில் பார்த்ததில்லை. கிளப்பினேன். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு அடியில் சரளை தெறிக்கும் சத்தம் கேட்டது, ஸ்டீரிங் கையை இழுத்தது, வளைவில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. பொய் வண்டிக்கு இவ்வளவு உயிரா என்று ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்தேன். இறக்கத்தில் என்னையறியாமல் ரெண்டாவது கியருக்கு வந்து, எஞ்சினால் பிடித்துப் பிடித்து இறக்கினேன்.

“அண்ணே, சாமி ஊர்வலமா? மிதிங்கண்ணே.”

“பின்னாடி மூணு யூனிட்டு ஜல்லி இருக்குன்னு நெனைப்பு அவனுக்கு” என்றான் காசிமாயன்.

வண்டிக்குள் ஒருவன் இங்கிலீஷில் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தான். வளைவு வருமுன்பே சொல்லும் கோ-டிரைவராம்.

“கிளீனருன்னு சொல்லு. அவன் வாய மூடு, நான் சொல்றேன்.” காசிமாயன் பிளாஸ்டிக் ஸ்டூலை என் இடப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். பார்த்துப் பார்த்து அந்த ரோடு அவனுக்கு மனப்பாடம். “லெப்ட்ல ஒடி. பள்ளம் வருது, மெதுவா. ஆங், இப்பப் போ.”

போனேன். மிதித்தேன். எட்டு மாதத்தில் முதல் தடவையாகக் கையை மறந்தேன். அடுத்த வளைவில் அவன் சொல்லி வாய் மூடுமுன் வண்டி சரிவில் உருண்டது.

திரையில் ஓடியது வெளிநாட்டு வண்டி, பக்கத்து ஆள் வலப்புறம் இருந்தான். என் கை போனது இடப்புறம். காசிமாயனின் நெஞ்சுக்குக் குறுக்கே, அவனை ஸ்டூலோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது. சூர்யபிரகாஷ் சிரித்தான்.

காசிமாயன் சிரிக்கவில்லை. “அன்னைக்கும் இப்பிடித்தான் நீட்டுன. இல்லேன்னா கண்ணாடியப் பிச்சுக்கிட்டுப் போயிருப்பேன்.”

ரெண்டு கையாலும் ஸ்டீரிங்கைக் கட்டிக்கொண்டிருந்ததாகத்தான் எனக்கு ஞாபகம். அவனை விட்டுவிட்டேன் என்றுதான் இத்தனை நாளும் சோறு இறங்காமல் இருந்தேன். அவன் சொல்வது நடந்ததா, எனக்காகச் சொல்கிறானா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அவன் கொடுத்தது.

திரையில் வண்டி தானாக நிமிர்ந்து ரோட்டுக்கு வந்து நின்றது. புழுதி மெல்ல அடங்கியது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. என் இடது கை இன்னும் அவன் சட்டையில்தான். உள்ளங்கைக்கு அடியில் அவன் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த கியர் போட்டுக் கிளம்ப, என் கால் தானாகக் கிளட்சை மிதித்திருந்தது.