பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோடு

சீனியருக்கு வயிற்றெரிச்சல் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை அது. அவருடைய சகலை லாரி ஓட்ட வந்ததால் வந்த எரிச்சல்.

சீனியர் இருபத்தெட்டு வருஷமாக ஒரே கம்பெனியில் லாரி ஓட்டுகிறவர். அவருடைய மனைவியின் தங்கையைக் கட்டியவர் டெய்லர். ஐம்பது வயது வரைக்கும் மெஷினை மிதித்துக்கொண்டு, சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனுஷன். எல்லோரும் ரெடிமேடுக்கு மாறியதும் கடையை மூடினார். மூடிவிட்டுச் சும்மா இருந்தாரா? டிரைவிங் ஸ்கூலில் மகன் வயதுப் பையன்களோடு வரிசையில் நின்றார். கனரக வண்டிக்கு லைசென்ஸ் வாங்கினார். உலகத்தில் வேறு கம்பெனியே இல்லாத மாதிரி சீனியர் இருக்கும் இடத்துக்கே வந்து சேர்ந்தார்.

"அண்ணா, இனிமே நானும் உங்க லைன்தான்" என்று அவர் சொன்ன அன்றைக்கு, சீனியர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது.

"சகலை, இது ஊசி இல்ல, ஸ்டியரிங். தப்பாப் போனா பிரிச்சுத் தைக்க முடியாது."

அந்தச் சிரிப்பு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. நீள டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்து குடோன் வாசலில் ஒட்டி நிறுத்துவதற்கு சீனியர் இன்றைக்கும் மூன்று தடவை முன்னும் பின்னும் போய் வருவார். டெய்லர் ஒரே தடவையில் கொண்டுபோய் நிறுத்தினார். இரண்டாம் நாளும் நிறுத்தினார். எப்படி என்று கேட்டவர்களிடம், "ஓரம் அடிக்கிற மாதிரிதாங்க. கையைப் பாக்கக் கூடாது, விளிம்பைப் பாக்கணும்" என்றார். அந்த அடக்கத்தைக் கேட்டபோதுதான் சீனியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்சம் பெருமை அடித்திருந்தால்கூடத் தேவலை, திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் இருந்தது. கிளம்புவதற்கு முன்னால் டெய்லர் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். பார்த்து முடித்ததற்குப் பக்கத்தில் தையல் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். டயருக்கு ஒன்று, காற்றுக் குழாய்க்கு ஒன்று, லைட்டுக்கு ஒன்று. சாயங்காலம் வந்ததும் எல்லாவற்றையும் துணியால் அழித்துவிடுவார். "லாரிக்கு இடுப்பளவு எடுத்தாச்சா?" என்று டிரைவர்கள் கிண்டல் பண்ணினார்கள். முதலாளி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "கிண்டல் பண்ணாம கத்துக்கங்கய்யா" என்று தலையில் தூக்கிவைத்து ஆடினார். சீனியர் காது கேட்காதவர் மாதிரி வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? "தங்கச்சி வீட்டுக்காரர் வண்டிக்குள்ள மிதியடி போட்டு வெச்சிருக்காராமே" என்பாள் மனைவி.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். அதுக்குள்ள குடித்தனம் நடத்தத் தெரியாது."

"இப்ப என்ன சொல்லிட்டேன்னு இப்படி எரிஞ்சு விழறீங்க?"

இந்த லட்சணத்தில் கம்பெனிக்கு ஒரு புது வண்டி வந்து இறங்கியது. கிளட்சே கிடையாது. சீனியருடைய பழைய வண்டியின் கிளட்சை மிதித்து மிதித்து அவருடைய இடது முழங்கால் படியேறும்போது அழுதது. புது வண்டி தன் கைக்கு வந்தால் இன்னும் ஏழெட்டு வருஷம் ஓட்டலாம். வராவிட்டால் இன்னும் ஒரு வருஷம் தாக்குப்பிடிப்பதே பெரிய விஷயம். முதலாளி எல்லோர் முன்னாலும் அவரிடம் சொன்னார்: "உங்களுக்கா டெய்லருக்கான்னு இந்த வாரம் பாத்துட்டுச் சொல்றேன்."

பாத்துட்டு! இருபத்தெட்டு வருஷத்தில் பார்க்காததையா ஒரு வாரத்தில் பார்க்கப் போகிறார்? எட்டு மாதத்துக்காரனோடு தன்னை நிறுத்தி எடை போடுகிறாரே என்று சீனியருக்கு மனசு வெந்தது.

வியாழக்கிழமை காலை. டெய்லர் வண்டியை டிரெய்லரோடு மாட்டிக்கொண்டிருந்தார். முன்னால் இருக்கும் இன்ஜின் வண்டி தனி, பின்னால் சரக்கு ஏற்றும் டிரெய்லர் தனி. இன்ஜின் வண்டி பின்னால் போய் டிரெய்லருக்கு அடியில் நுழைந்ததும் ஒரு பூட்டு கவ்விக்கொள்ளும். முழுசாகக் கவ்விவிட்டால் பூட்டின் கைப்பிடி உள்ளே போய்விடும். டெய்லர் இறங்கி வந்து டயர், குழாய், லைட் என்று கோடு போட்டுக்கொண்டே வந்தார். பூட்டுக்கு வருவதற்குள் ஆபீஸிலிருந்து கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள். சாக்பீஸைப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

பக்கத்து வண்டியிலிருந்து இறங்கிய சீனியரின் கண், பழக்க தோஷம், நேராகப் பூட்டுக்குத்தான் போனது. கைப்பிடி இரண்டு விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பூட்டு கவ்வவில்லை.

சொல்லியிருக்கலாம். கையால் ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். படியிலிருந்த சாக்பீஸை எடுத்தார். பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தார்.

அவ்வளவுதான். வண்டி நகரும், டிரெய்லர் நழுவும், முன்பக்கம் தரையில் மண்டி போடும். யாருக்கும் காயம் படாது, இது காலி டிரெய்லர். முதலாளியின் கண் முன்னால் சகலையின் மூக்கு உடையும். இதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. யோசிக்க விடுமா பொறாமை?

டெய்லர் திரும்பி வந்தார். கோடுகளை ஒரு பார்வை பார்த்தார். எல்லாம் இருந்தது. டிரெய்லரைத் தாங்கி நின்ற முன்கால்களை, கைப்பிடியைச் சுற்றி மேலே ஏற்றினார். ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார். சீனியர் டிரெய்லரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டிரெய்லர் விழவில்லை. சமர்த்தாகப் பின்னாலேயே போனது.

சீனியருக்குத் தூக்கி வாரிப்போட்டது. அரைகுறையாகக் கவ்வியிருக்கிறது! அரைப்பூட்டு சமதளத்தில் விடாது, மேட்டில் ஏறும்போதுதான் விடும். கேட்டைத் தாண்டியதும் பாலம். பாலம் ஏறத் தொடங்குகிற இடத்தில் பஸ் ஸ்டாப். இந்த நேரத்துக்கு அங்கே ஐம்பது பேராவது நிற்பார்கள். அவருக்கு இது தெரியாதா என்ன? இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். தெரிந்ததெல்லாம் அந்த ஒரு கோடு இழுக்கிற நேரத்துக்கு மட்டும் எங்கேயோ ஓடிப் போயிருந்தது.

"சகலை! நிறுத்து! நிறுத்துய்யா!"

முழங்காலை மறந்து ஓடினார். கேட்டுக்குப் பத்தடி இருக்கும்போது வண்டியை எட்டிப் பிடித்துக் கதவில் ஓங்கி அறைந்தார். பிரேக் சத்தத்தில் முதலாளியே ஆபீஸிலிருந்து வெளியே வந்துவிட்டார்.

டெய்லர் இறங்கினார். "பூட்டு... பூட்டு..." என்று சீனியர் கீழே கை காட்டினார். டெய்லர் குனிந்து பார்த்தார். நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியைப் பார்த்தார். பக்கத்திலிருந்த கோட்டைப் பார்த்தார். கைப்பிடியைவிடக் கோட்டைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"அண்ணா," என்றார் மெதுவாக, "நான் சாக்பீஸைச் சீவிட்டு, முனையாலதான் கோடு போடுவேன். நூல் மாதிரி இருக்கும்."

இந்தக் கோடு விரல் தடிமன் இருந்தது. சீனியர் சகலையின் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். கன்னத்தில் ஓர் அறை விழும் என்று காத்திருந்தார். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலாளியின் காலடிச் சத்தம் கேட்டது. டெய்லர் கட்டைவிரலால் அந்தக் கோட்டை அழுத்தித் துடைத்தார்.

"என்ன ஆச்சு?"

"பூட்டைப் பாக்காம கிளம்பிட்டேன் முதலாளி. என் தப்புதான். அண்ணன் பாத்து நிறுத்தலேன்னா பெரிய விபத்தாயிருக்கும்."

முதலாளி குனிந்து பூட்டைப் பார்த்து வெலவெலத்துப் போனார். நிமிர்ந்ததும் சீனியரின் தோளில் தட்டினார். "இதுக்குத்தான்யா அனுபவம் வேணுங்கறது. இனிமே பாக்கறதுக்கு என்ன இருக்கு? புது வண்டி உங்களுக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது. "மாமா, இவர் உசுரோட இருக்கறதே உங்களாலதானாம்" என்று மைத்துனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டெய்லர் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு பார்வை இல்லை, ஒரு குத்தல் பேச்சு இல்லை. மனைவி அன்றைக்குத்தான் சீனியரைப் பெருமையாகப் பார்த்தாள். சீனியர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இதுவரைக்கும் அவருக்குச் சகலையின் ரிவர்ஸைப் பார்த்துத்தான் எரிந்தது. இப்போது அவன் மனசைப் பார்த்தும் எரிந்தது. ரிவர்ஸையாவது பழகிக் கற்றுக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை சீனியர் புது வண்டியை டிரெய்லரோடு மாட்டினார். இறங்கிப் போய்ப் பூட்டைப் பார்த்தார், கவ்வியிருந்தது. ஏறி உட்கார்ந்தார். கிளட்ச் இல்லாத இடத்தில் இடது கால் சும்மா கிடந்தது. நாலு வண்டி தள்ளி டெய்லர் தன்னுடைய வண்டியைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர், "போயிட்டு வாங்கண்ணா" என்று கையசைத்தார்.

சீனியர் ஸ்டார்ட் பண்ணினார். கை கியருக்குப் போனது, அப்படியே நின்றது. பூட்டைப் பார்த்துவிட்டு ஏறி இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அதற்குள் யாராவது அந்தப் பக்கம் போயிருந்தால்? தன்னை மாதிரி ஒருத்தன்?

இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார்.