நூற்றுப்பத்தாவது பொருள்

சாரதாம்பாளின் சொல்லுக்கு விலை கால் கிலோ உளுந்து. அது கிரைண்டருக்கு. மிக்ஸி என்றால் ஒரு மூடித் தேங்காயும் கைப்பிடி பொட்டுக்கடலையும் போதும். இஸ்திரிப்பெட்டிக்கு எதுவும் கொண்டுவர வேண்டியதில்லை. கணவர் ராதாகிருஷ்ணனிடம் தேய்த்துப் பார்க்க நான்கு வேட்டி இருந்தது. அரைத்த மாவும் சட்னியும் சாரதாம்பாள் வீட்டிலேயே நின்றுவிடும். பொருளை வாங்கலாமா என்று கேட்க வந்தவர் ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு போவார். தேறும், இல்லையென்றால் தேறாது. மூன்றாவது சொல் கிடையாது.

காமராஜர் சாலைக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் பதினெட்டு வீடு. வீட்டுக்குள் எல்லாருக்கும் சௌராஷ்ட்ரம், கடைத்தெருவில் தமிழ், பேரத்தில் இரண்டும். கடைக்காரனிடம் தமிழில் விலை கேட்டுவிட்டு, எவ்வளவு வரை போகலாம் என்பதை அவன் முகத்துக்கு எதிரேயே சொந்த பாஷையில் கலந்து முடிவு செய்யலாம். சேட்டுகளுக்கும் இந்த வசதி உண்டு. ஆனால் அவர்கள் விற்கிற பக்கம் நிற்பவர்கள்.

ராதாகிருஷ்ணன் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதினார். கடையில் மிஞ்சிய நீள நோட்டு ஒன்றில், எழுபத்தெட்டாம் வருஷத்திலிருந்து, மனைவி சொல்லச் சொல்லத் தீர்ப்புகளை எழுதிவந்தார். பொருள், சொன்ன விலை, கொடுத்த விலை, தீர்ப்பு என்று நான்கு பத்தி. தீர்ப்புக்குப் பக்கத்தில் காரணமும் ஒரு வரி இருக்கும்.

விசில் அடிக்கும் பால் குக்கர்: விசில் அடிக்கிறது, பால் பொங்கி வழிந்த பிறகு. தேறாது. எமர்ஜென்சி லைட்: கரண்ட் போனால் எரிகிறது, கரண்ட் வந்தாலும் அணைய மாட்டேன் என்கிறது. தேறாது. எதிர்வீட்டுக்காரர் பழைய சாமான் கடையில் எடுத்த வால்வு ரேடியோ: சூடேற நான்கு நிமிஷம், செய்திக்கு நான்கு நிமிஷம் முன்னாலேயே போட்டுவிட வேண்டும். தேறும். கேஸ் லைட்டர்: முந்நூறு தடவை அமுக்கியாயிற்று, இருநூற்றுத் தொண்ணூறு தடவை பற்றியது, விரல் வலிக்கிறது. தேறும்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் சித்திரை வரைக்கும் நூற்றொன்பது பொருள். தேறியது நாற்பத்தொன்று, தேறாதது அறுபத்தெட்டு. ஒரு தீர்ப்பையும் திருத்த வேண்டி வந்ததில்லை. டவுன்ஹால் ரோட்டில் அவள் தலை தெரிந்ததும் புதிய மாடலைத் துணி போட்டு மூடிய கடைகள் இரண்டு உண்டு. அவளுக்கு இருந்த ஒரே சட்டம், காசு கொடுக்கும் முன் சோதனை.

அந்தச் சட்டத்தை அவளே மீறியது தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சியில், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம்.

டெல்லி அப்பளக் கடைக்கு அடுத்த ஸ்டாலில் சமயநல்லூர்க்காரன் சின்னக்கருப்பன் வெஜிடபிள் கட்டர் விற்றுக்கொண்டிருந்தான். முழ நீளத்தில் வெள்ளை பிளாஸ்டிக் பலகை, நடுவில் பிளேடு, மாற்றிப்போட நான்கு தகடு. அவன் கையில் கேரட் இருந்தது தெரியும், இல்லாமல் போனதும் தெரியும், நடுவில் என்ன நடந்தது என்பதுதான் தெரியாது. "இப்படிப் போட்டா சிப்ஸு, அப்படிப் போட்டா பொரியலு, திருப்பிப் போட்டா துருவலு" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் மூன்றும் மூன்று தட்டில் குவிந்திருந்தன. விலை அறுபது.

சாரதாம்பாள் இருபத்தைந்தில் ஆரம்பித்தாள். அவன் ஐம்பத்தைந்துக்கு வந்தான். அவள் பக்கத்து ஸ்டால் ஊறுகாயைப் பார்க்கத் திரும்பினாள். அவன் ஐம்பது என்றான். அவள் கணவரிடம் சௌராஷ்ட்ரத்தில், நாற்பது வரைக்கும் கொடுக்கலாம், முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். ராதாகிருஷ்ணன் முகம் எப்போதுமே அப்படித்தான் இருந்தது. இருபது நிமிஷத்தில் முப்பத்தைந்துக்குப் படிந்தது. நாற்பதுக்குத் தயாராக வந்தவளுக்கு ஐந்து ரூபாய் கையில் மிஞ்சியது. அந்தச் சந்தோஷத்தில் அட்டைப்பெட்டியை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு, மிஞ்சிய காசில் ஆளுக்கொரு சர்பத் குடித்துவிட்டு, ஆற்றுப்பாலம் தாண்டி நடந்தே வீடு வந்தார்கள்.

மறுநாள் காலையில் முட்டைக்கோஸை வைத்து இழுத்தாள். துருவல் வரவில்லை. கூழும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில், அவள் அதுவரை எந்தச் சமையலிலும் பார்த்திராத ஒன்று வந்தது. கேரட் பாதியில் சிக்கி நின்றது. பீட்ரூட்டோடு கட்டைவிரல் தோலும் கொஞ்சம் போனது. ராதாகிருஷ்ணன் அன்றைக்குப் பொரியலை ஸ்பூனால் சாப்பிட்டார்.

பத்து மணிக்கு மூன்றாம் வீட்டு ரம்யாஸ்ரீ வந்தாள். கல்யாணமாகி ஆறு மாதம் ஆனவள், சாரதாம்பாளைக் கேட்காமல் ஒரு கரண்டிகூட வாங்காதவள். சந்தில் ஒன்பது பேர் பொருட்காட்சியில் அந்தக் கட்டரைப் பார்த்துவிட்டு, சாரதாக்கா சொல்லட்டும் என்று வாங்காமல் வந்திருக்கிறார்களாம். அக்கா ஒன்று வாங்கியது சந்துக்கே தெரியுமாம். பொருட்காட்சி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறதாம். தேறுமா?

"இன்னும் பாக்கணும்" என்றாள் சாரதாம்பாள். விரலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

இருபத்தோரு வருஷத்தில் அவள் இப்படி ஒரு பதில் சொன்னதில்லை. ரம்யாஸ்ரீ அதை மற்ற எட்டு வீட்டுக்கும் கொண்டுபோனாள்.

தேறாது என்று சொல்வது சுலபம். அடுத்த கேள்விதான் வில்லங்கம்: தேறாததை நீங்கள் ஏன் வாங்கினீர்கள்? பார்க்காமல் வாங்கிவிட்டேன் என்று ஒரு தடவை சொன்னால் போதும், பழைய நூற்றொன்பதையும் எப்படிப் பார்த்தாள் என்று சந்து யோசிக்க ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு கால் கிலோ உளுந்தை யார் கொண்டுவருவார்கள்?

புதன், வியாழன் இரண்டு சாயங்காலமும் தமுக்கத்துக்குப் போனாள். கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நின்று, சின்னக்கருப்பன் வாயைக் கவனிக்காமல் கையை மட்டும் கவனித்தாள். முதல் நாள் தெரிந்தது கேரட்டின் கதை. மேஜைக்கு அடியில் ஐஸ் தண்ணீர் வாளி. கேரட் அதில் விறைத்துக் கிடந்தது. இரண்டாம் நாள் தெரிந்தது கட்டரின் கதை. பின்னால் புதுப்பெட்டி ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தும் அவன் அதில் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. சீவுவது எல்லாம் மூலை உடைந்து பழுப்பேறிய ஒரே பழைய கட்டரில்தான்.

ஒரு கூட்டம் கலைந்து அடுத்தது சேருவதற்குள் முன்னால் போய் நின்றாள்.

"அந்தப் பழசக் குடுங்க."

"அது விக்கிறதுக்கு இல்லக்கா."

"விலை கேக்கல. பாக்கத்தான் கேட்டேன்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "முப்பத்தஞ்சுக்கு எடுத்த அக்காதான?" என்று கட்டரை நீட்டினான். பிளேடு ஓரம் முழுக்கத் தீட்டிய தடம். நான்கு வருஷமாகத் தினமும் காலையில் சாணைக்கல்லில் முக்கால் மணி நேரம் தீட்டுவதாக அவனே சொன்னான், மறைக்கவில்லை. பெட்டிக்குள் இருப்பதற்கு அந்த யோகம் இல்லை என்றான்.

"அப்ப தெரிஞ்சேதான் குடுத்தீகளா?"

"அக்கா, வாங்கிட்டுப் போறவுகள்ல பாதிப் பேரு பெட்டியவே பிரிக்கிறதில்ல. பிரிச்சவுக வெளிய சொல்றதில்ல. நீங்கதான் முதமுதல்ல திரும்பி வந்திருக்கீக." கொஞ்சம் நிறுத்தி, கேரட்டைத் துடைத்தபடி சொன்னான். "அன்னைக்கு அண்ணேகிட்ட நாப்பது வரைக்கும் போகலாம்னு உங்க பாஷையில சொன்னீக. ஆறு வருஷம் உங்காளுக சாயப்பட்டறையில நூலு முக்கியிருக்கேன், எல்லாம் வெளங்கும். நாப்பதுக்கே நின்னுருக்கலாம். அஞ்சு ரூவா சந்தோசத்துல போறவுக பொருளப் பாக்க மாட்டாக. அதான் விட்டேன்."

சாரதாம்பாள் அன்று குடித்த சர்பத்தை நினைத்துக்கொண்டாள்.

அவனுக்கும் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. நான்கு நாளாகக் காமராஜர் சாலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாம் சாரதாக்கா சொல்லட்டும் என்று பொருளை வைத்துவிட்டுப் போகிறார்கள், அந்தச் சாரதாக்கா நீங்கள்தானே என்றான். பழைய கட்டரைச் சும்மாவே எடுத்துக்கொண்டு போகலாம், ஞாயிற்றுக்கிழமை திருப்பித் தந்தால் போதும், தீட்டியது இன்னொன்று அவனிடம் இருக்கிறது. சந்தில் நாலு பேர் முன்னால் சீவிக் காட்டி, தேறும் என்று ஒரு வார்த்தை. ஞாயிறு ராத்திரி அவன் திண்டுக்கல் போய்விடுவான். யாருக்கும் தெரியப்போவதில்லை என்றான்.

சும்மா என்ற சொல் அவளுக்கு ஒத்துவரவில்லை. சும்மா வாங்கினால் திருப்பிக் கொடுக்கும்போது வேறு எதையாவது சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். வாடகை ஐந்து ரூபாய் தருகிறேன் என்றாள். அவன் வேண்டவே வேண்டாம் என்றான். அவள் விடவில்லை. கடைசியில் இரண்டு ரூபாய்க்குப் படிந்தது. வாங்குகிறவள் ஏற்றி, விற்கிறவன் இறக்கி, தமுக்கத்தில் அப்படி ஒரு பேரம் அதற்கு முன் நடந்ததாகத் தெரியவில்லை.

வீட்டில் ராதாகிருஷ்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பழசை மட்டும் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடு என்றார். கணக்கெழுதுகிறவர் அப்படிச் சொன்னது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. புதுக் கட்டரை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஒன்பது பேரும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு கேரட் கொண்டுவந்திருந்தார்கள். சொல்லுக்கு விலை கொடுத்துப் பழகியவர்கள். சாரதாம்பாள் கேரட்டுகளை ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தாள். மூன்று நாள் பார்த்த கை, நான்கு வருஷம் தீட்டிய பிளேடு. கேரட் தாள் தாளாக விழுந்தது. ஒருத்தி ஒரு வட்டத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரம்யாஸ்ரீ இடுப்பில் செருகியிருந்த சின்னப் பர்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒன்பது முகமும் அவள் வாயைப் பார்த்தன. தேறும் என்று சொல்லிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. அவள் நோட்டைப் பார்த்தாள். ராதாகிருஷ்ணன் கூரையைப் பார்த்தார்.

எழுந்து போய் அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து புதுக் கட்டரை எடுத்துவந்தாள். மீதி கேரட்டை அதில் வைத்து இழுத்தாள். சிக்கியது. இன்னொரு தடவை இழுத்தாள். பிய்ந்தது.

"இது தீட்டுனது, விக்கிறதுக்கு இல்ல. அது கடையில விக்கிறது, தேறாது. பாக்காம வாங்கிட்டேன். நல்லா ஏமாந்துட்டேன்."

ரம்யாஸ்ரீதான் முதலில் கேட்டாள்.

"எம்புட்டுக்குக்கா குடுத்தான்?"

"முப்பத்தஞ்சு."

ஒன்பது பேரும் தலையாட்டிவிட்டு எழுந்து போனார்கள். சாரதாம்பாளுக்கு ஒரு மாதிரி லேசாக இருந்தது. போனது போகட்டும், ஒன்பது வீடு தப்பித்தது என்று நினைத்தாள்.

அவர்கள் வாசலைத் தாண்டும்போதே வேறு கணக்குப் போட்டுவிட்டார்கள் என்பது திங்கட்கிழமை குழாயடியில் ரம்யாஸ்ரீ சொல்லித்தான் தெரிந்தது. கண்ணெதிரே கட்டர் தாள் தாளாகச் சீவியது. அதன் பிறகு சாரதாக்கா வேண்டுமென்றே புதுசைச் சிக்கவைத்துக் குறை சொல்கிறாள். நல்ல பொருளை ஒருத்தி எதற்குக் குறை சொல்வாள்? விலையை இறக்கத்தான். பிறந்ததிலிருந்து அவர்கள் கடைத்தெருவில் பார்த்த வழக்கம் அதுதான். ஏமாந்துட்டேன் என்று சொன்னதைத்தான் ஒருவரும் நம்பவில்லை. சாரதாக்காவாவது, ஏமாறுவதாவது.

ஞாயிறு சாயங்காலம் ஒன்பது பேரும் சேர்ந்து தமுக்கம் போனார்கள். சாரதாக்காவே தேறாது என்று சொல்லிவிட்டார்கள், என்ன சொல்கிறாய் என்று சின்னக்கருப்பனிடம் கேட்டார்கள். அவன் முகம் வாடியதாம். ஒன்பதும் எடுத்தால் ஒன்று முப்பது என்று இறங்கினானாம். பெட்டியோடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"நல்லா வெட்டுதா?" என்றாள் சாரதாம்பாள்.

"சூப்பரா வெட்டுதுக்கா" என்றாள் ரம்யாஸ்ரீ. வலது கட்டைவிரலில் மஞ்சள் வைத்துத் துணி சுற்றியிருந்தது.

தண்ணீர் பிடிக்க வந்தபோது சந்தில் மொத்தம் ஏழு கட்டைவிரலில் துணி இருந்ததைச் சாரதாம்பாள் எண்ணினாள். மற்ற இரண்டு பேர் இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை போலிருக்கிறது. ஏழு பேரும் நன்றாக வெட்டுகிறது என்றார்கள். குடத்தைத் தூக்கும்போது ரம்யாஸ்ரீ குரலைத் தாழ்த்தி ஆறுதல் சொன்னாள்.

"உங்களுக்குத்தான் அஞ்சு ரூவா கூடப் போயிருச்சு. விடுங்கக்கா. வயசானா பேரம் கொஞ்சம் தளரத்தான செய்யும்."

ஏமாந்தேன் என்று ஊரறியச் சொன்னபோது அசையாத பெயர், ஐந்து ரூபாயில் ஆடிவிட்டது. வாடகை இரண்டு ரூபாயை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவள் அப்போதே முடிவு செய்தாள்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுக்கச் சொன்னாள். ராதாகிருஷ்ணன் ஸ்டாலில் பழைய கட்டரை ஞாயிறு மத்தியானமே ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். அதற்கு வாங்கிய ரசீது நோட்டுக்குள் இருந்தது. பேனாவைத் திறந்து, அவள் சொல்லச் சொல்ல எழுதினார்.

நூற்றுப்பத்து. வெஜிடபிள் கட்டர். சொன்ன விலை அறுபது. கொடுத்த விலை முப்பத்தைந்து, வாடகை இரண்டு. தெரு விலை முப்பது. தீர்ப்பு: தேறாது.

"கீழ இன்னும் ஒரு வரி போடுங்க" என்றாள்.

ஏமாந்தது பத்து. ஒத்துக்கொண்டது ஒன்று. பாக்கி ஒன்பது.