மேல்பக்கம் இல்லாத ஏவுகணை வண்டி

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை முடிவெட்டும் கடையில் பிறந்தது. பாதிக் கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தேன். சுவரில் மாட்டியிருந்த டி.வி.யில் பாதுகாப்பு மந்திரி பேசிக்கொண்டிருந்தார். நம் நட்பு நாடு இரண்டு எதிரிகளிடம் அடி வாங்கிக்கொண்டிருக்கிறது, தோள் கொடுப்பது நம் கடமை, ஆகவே நம்மிடம் இருந்த வான்காப்பு ஏவுகணை வண்டிகளை அங்கே அனுப்பிவிட்டோம் என்றார். (வருகிற குண்டை வானத்திலேயே மறித்து உடைக்கிற வண்டிகள் அவை. நம் தலைக்கு மேல் இருந்த கூரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.) அடுத்த மூச்சிலேயே, நம் நகரத்தின் காவலில் குண்டூசி அளவுகூடக் குறையவில்லை, சீண்ட நினைப்பவர்கள் சீண்டிப் பார்க்கட்டும் என்றார்.

முடிவெட்டுகிறவர் கத்தியை என் தொண்டையருகே நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இருந்ததைக் குடுத்தாச்சுன்னா, இங்க நிக்கிறது என்ன சார்?"

கழுத்தில் கத்தி இருக்கும்போது யாருக்குப் பதில் வரும்? ஆனால் வீட்டுக்கு நடந்து வந்த வழியெல்லாம் அந்த மந்திரியை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். கோபத்தோடு கதை எழுத உட்காரக் கூடாது என்பார்கள். ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்து நான் எழுதாமல் விட்ட கதைகள் நிறைய. இதை ஆறவிடப் போவதில்லை.

2.

முதல் தொடக்கம்: "விடியற்காலையில் அந்த மைதானத்தைப் பனி மூடி—"

வேண்டாம். எதையும் மூடுகிற வேலையை மந்திரி பார்த்துக்கொள்வார்.

இரண்டாவது தொடக்கம்: "மந்திரி சொன்னது பொய்." உண்மைதான். ஆனால், "இதென்ன புதுசு" என்று நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

மூன்றாவது: "நாடகத்துக்கு செட் போடுகிற ஒருவரைத் தேடி ஒரு நாள் ராணுவம் வந்தது." இது நிற்கும்போலிருக்கிறது. இதையே பிடித்துக்கொள்கிறேன்.

செட்டுக்காரருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பிளைவுட்டில் அரண்மனை கட்டுவார், கேன்வாஸில் கடல் வரைவார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. உறவென்று இருப்பது ஒரே அக்காவும், அவள் கணவரும், கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் அவர்கள் மகளும்தான். (முதல் பிரதியில் அவரைக் குடிகாரராக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். குடிகாரர் என்றால், நடப்பதற்கெல்லாம் பாட்டில் மீது பழியைப் போட்டுவிட்டு நீங்களும் நானும் நிம்மதியாகத் தூங்கிவிடுவோம்.)

வந்த கர்னல் சுற்றி வளைக்கவில்லை. இந்த நகரத்தின் நிஜ வண்டிகள் போய்விட்டன, அதே அளவில், அதே நிறத்தில் மூன்று டம்மி வேண்டும் என்றார். வெளியே மூச்சு விடக்கூடாது.

3.

செட்டுக்காரர் தன் கோடவுனில் உயிரைக் கொடுத்து வேலை செய்தார். பிவிசி குழாயில் ஏவுகணை, மரச்சட்டத்தில் வண்டி, துருப்பிடித்த போல்ட்டு முதற்கொண்டு பெயின்ட்டிலேயே. பார்க்க வந்த கர்னல் முன்னால் நின்று, "பிரமாதம்யா!" என்று வாய்விட்டுச் சொன்னார். பிறகு ஏணி கேட்டார். கோடவுனின் பரண் மீது ஏறி, கீழே எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா இது? மேல ஒண்ணுமே இல்ல?"

"மேலயா சார்?"

"எதிரி என்ன முன்வரிசைக்கு டிக்கெட் எடுத்தா வரப் போறான்? வானத்துலேர்ந்து படம் எடுக்குறான்யா!"

செட்டுக்காரரும் ஏறிப் பார்த்தார். மேலிருந்து பார்த்தால் அது வண்டியே இல்லை. வெறும் சட்டம், ஆணி, பழைய பலகை. ஒரு பலகையில் அவர் கையெழுத்திலேயே "அரண்மனை, இரண்டாம் காட்சி, இடது" என்று எழுதியிருந்தது. வாழ்நாள் பழக்கம் அது. செட் போடுகிறவருக்கு உலகத்தில் ஒரே திசைதான், ஜனங்கள் உட்கார்ந்திருக்கிற திசை. அவர் வெட்கிப்போனார்.

கர்னலை வில்லனாக்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் அந்த மனுஷன் திட்டவில்லை, பொறுமையாகச் சொன்னார்: "இது பொம்மை இல்லீங்க. இது நிக்கிறதைப் பாத்து அவன் நம்ம மேல கை வைக்க யோசிக்கணும். அவன் யோசிக்கிறவரைக்கும் நாம பொழச்சோம்."

"யோசிக்கலன்னா சார்?"

"அப்ப முதல் அடி இது மேல விழும். வேற ஊர்ல மிச்சமிருக்கிற ஒண்ணு ரெண்டு நிஜ வண்டி தப்பிச்சுக்கும். எப்படிப் பாத்தாலும் நாட்டுக்கு லாபம்."

"எங்க சார் நிறுத்தப் போறீங்க?"

"அது உங்களுக்கு எதுக்கு?"

நேரமில்லை. மூன்று வண்டிகளையும் அப்படியே ஏற்றிக்கொண்டுபோய் நிறுத்திவிட்டு, தார்பாய் போட்டு மூடி, மேல்பக்கத்தை அங்கேயே முடிப்பது என்று முடிவானது. ஜன்னல் அடைத்த வேனில் செட்டுக்காரரைக் கூட்டிப்போனார்கள். இறங்கி நிமிர்ந்து பார்த்தார். ஒரு மைதானம், எதிரே அடுக்குமாடி. நாலாவது மாடி பால்கனியில், கொடியில் காய்ந்துகொண்டிருந்தது அவருடைய மாமாவின், அதாவது அக்கா கணவரின், கோடு போட்ட சட்டை.

4.

இரண்டு வண்டிகளின் மேல்பக்கத்தை முடிக்க மூன்று நாள் ஆனது. மூன்றாம் நாள் சாயங்காலம் குளித்து உடை மாற்றிக்கொண்டு, சும்மா வந்தவரைப் போல அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"பாத்தியாடா கீழ? நம்ம மைதானத்துக்கே கொண்டாந்து நிறுத்திட்டாங்க! அது வந்ததுலேர்ந்துதான் நான் கண்ணை மூடித் தூங்குறேன்."

"நீ எப்பக்கா தூங்காம இருந்த?" என்றார் செட்டுக்காரர். மாமா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சிரித்தார்.

"சிரிங்க. நாம வண்டி குடுத்த அந்த நாட்டுல ஆஸ்பத்திரி மேலயே குண்டு போட்டுட்டானாம். குழந்தைங்களைத் தூக்கிட்டு ஓடுறதை டி.வி.ல பாத்துட்டு எனக்குச் சோறே எறங்கல. நம்மகிட்ட இருக்கிறதைக் குடுத்தா என்ன கொறைஞ்சு போகுது? குடுக்கத்தான் வேணும். குடுத்தும் நமக்கு மிச்சம் இருக்கே, அதைச் சொல்லு!"

செட்டுக்காரர் தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இன்னொண்ணு கேளு. நாங்க நாளைக்கே போய் உன் மருமகளைக் கூட்டிட்டு வரப் போறோம். அவளுக்கு நாள் நெருங்குது. இதைவிடப் பத்திரமான இடம் எங்கடா இருக்கு?"

மகள் இருக்கும் ஊரில் ராணுவ முகாம் கிடையாது, துறைமுகம் கிடையாது, எதிரி குறிவைக்க ஒரு பெரிய கட்டடம்கூடக் கிடையாது. அது செட்டுக்காரருக்குத் தெரியும். "அவசரப்படாதக்கா" என்றார். "உனக்கென்னடா தெரியும், பிள்ளையா குட்டியா" என்றாள் அக்கா, விளையாட்டாகத்தான்.

5.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். என்னால் முடியவில்லை.

நட்பு நாட்டுக்குக் கொடுத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. அடுத்த வீடு எரியும்போது நம் கிணற்றுத் தண்ணீரை அளந்து பார்க்கிறவன் மனுஷனே இல்லை. எதிரியைப் பயமுறுத்த வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பயம் இல்லாவிட்டால் அவன் எப்போதோ வந்திருப்பான். ஆனால் கிணறு வற்றிவிட்டது என்று வீட்டில் இருப்பவர்களிடம் சொல்ல வேண்டாமா? அந்த அக்கா தானாகவே "குடுக்கத்தான் வேணும்" என்றாளே, அவளிடம் உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? ஒருவேளை அப்போதும் சரி என்றிருப்பாள். மகளை மட்டும் அங்கேயே இரு என்றிருப்பாள். அந்த ஒரு வார்த்தை சொல்கிற உரிமையைக்கூட அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, அவள் ஜன்னலுக்குக் கீழே தூண்டில் புழுவைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையோடு வந்து தோள் கொடுக்கிறோம் என்கிறார்கள். யாருடைய தோள் ஐயா அது?

(என் மனைவி இதைப் படித்துவிட்டு, "இது கதை இல்ல, மேடைப் பேச்சு, எடுத்துடுங்க" என்றாள். அவள் சொல்வது சரிதான். எடுக்கப் போவதில்லை.)

6.

மறுநாள் காலை. செட்டுக்காரர் மூன்றாவது வண்டியின் தார்பாயை விலக்கிவிட்டு, மேலே குப்புறப் படுத்துப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். ராணுவ உடுப்பு, தலையில் தொப்பி, முகத்தில் துணி. பாதி முடிந்துவிட்டது, பாதி இன்னும் வெறும் பலகை. போன் அடிக்கிறது. (ராணுவம் போனைப் பிடுங்கி வைத்திருக்காதா என்று கேட்பீர்கள். வைத்திருக்கும். நான்தான் திருப்பிக் கொடுத்தேன். இந்தக் கதைக்குள் கர்னலைவிட எனக்கு அதிகாரம் அதிகம்.)

"தம்பி, ஒரு விஷயம். பால்கனியிலேர்ந்து பாக்குறேன். மூணாவது வண்டி மேல பலகை மாதிரி தெரியுதுடா. ஒரு ஆளு வேற படுத்துக்கிட்டு என்னமோ பூசுறான். நீதான் பலகையிலயே பொறந்து வளந்தவனாச்சே, உனக்குத் தெரியாதா? அது நிஜம்தானே?"

அவர் தலையைத் தூக்கிப் பார்க்கிறார். நாலாவது மாடியில் அக்கா, போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவர்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"உன் மாமா காரை எடுத்தாச்சு. சொல்லு, போய் அவளைக் கூட்டிட்டு வரவா, வேணாமா?"

முடிவு ஒன்று: "வேணாங்க்கா" என்கிறார். அக்கா எதிர்வீட்டில் சொல்லாமல் இருப்பாளா? பொழுது சாய்வதற்குள் அடுக்குமாடி காலி. வானத்திலிருந்து அதையும் எதிரி படம் எடுக்கிறான். நகரத்துக்கே கூரையில்லை என்று அவனுக்குத் தெரிந்துபோகிறது. அதன் பிறகு எத்தனை அக்காக்கள்?

முடிவு இரண்டு: "நிஜம்தாங்க்கா" என்கிறார். எழுதினேன். அடுத்த வரி, "மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் காரிலிருந்து இறங்கி—" அதற்கு மேல் என் கை ஓடவில்லை.

முடிவு மூன்று: எதிரி பயந்துவிடுகிறான். குண்டே விழவில்லை. குழந்தை பிறக்கிறது, எல்லோரும் சுகம். இதைத்தான் மந்திரி டி.வி.யில் விற்றுக்கொண்டிருக்கிறார். அவருக்கு வேண்டுமானால் அவர் எழுதிக்கொள்ளட்டும்.

மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு ஆட்கள். அக்கா போன் செய்தால் அவர்கள் யாரும் எடுக்கப் போவதில்லை. எடுத்துவிட்ட ஒரே ஆள் பலகை மீது படுத்துக் கிடக்கிறார், அவருக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. இவ்வளவு தூரம் கூடவே வந்தவர் நீங்கள், எல்லாமும் தெரிந்தவர் நீங்கள். போனை வாங்கிக்கொள்ளுங்கள்.

"தம்பி? இருக்கியா?"

கீழே மாமா ஹாரன் அடிக்கிறார். சொல்லுங்கள், அவள் மகளைக் கூட்டிவரப் போகட்டுமா?