இருநூறு டாலருக்கு வந்த செனட்டர்

“ரெண்டா? நேத்து மூணு இருந்துச்சே!”

“நீங்க ரேடியோவுல பேசினீங்கல்ல பெரியம்மா, அதான் ஒண்ணு கொறஞ்சிருச்சு.”

மார்லிஸ் சிரித்ததில் காபி மேசையில் சிந்தியது. பிரிட்டா மடிக்கணினியை அவசரமாக நகர்த்திக்கொண்டாள். தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று பணம் கட்டும் இணையப் பந்தயத் தளத்தில், அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் அந்த மூலை செனட் தொகுதிக்கும் ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள். வெண்டல் க்ரோத், தொண்ணூற்றெட்டு சென்ட். மார்லிஸ் ட்வெட், இரண்டு. இரண்டு சென்ட் கொடுத்து மார்லிஸை வாங்கி வைத்தால், அவள் ஜெயித்தால் ஒரு டாலராகத் திரும்பி வரும். வாங்கத்தான் ஆளில்லை. க்ரோத்தின் கட்சி அங்கே ஒரு வேலிக்கம்பத்தை நிறுத்தினாலும் ஜெயிக்கும். இருபது வருஷமாக செனட்டராக இருந்தும் அவர் ஊருக்குள் வந்ததே இல்லை, தேர்தல் வந்தால் சாலையோரம் அவர் முகம் போட்ட விளம்பர அட்டைகள்தான் வரும்.

ஜெயிப்போம் என்று மார்லிஸும் கனவு காணவில்லை. ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்தவள். மூன்று வருஷத்துக்கு முன் அந்த வார்டை மூடிவிட்டார்கள். இப்போது வலி எடுத்தால் அடுத்த ஆஸ்பத்திரிக்கு எழுபத்தோரு மைல் ஓட வேண்டும். க்ரோத்தை ஊர் நடுவில் நிற்க வைத்து அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஏழு கடிதம் போட்டும் பதில் இல்லை.

சனிக்கிழமை மதியம் பிரிட்டா போட்ட கூச்சலில் நாய் எழுந்து ஓடியது.

“பெரியம்மா! இருபத்தொண்ணு! ரெண்டுலேருந்து இருபத்தொண்ணு!”

யார் வாங்கினார்கள், ஏன் வாங்கினார்கள், ஒன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலைநகரப் பத்திரிகை ஒன்று ‘கோட்டையில் விரிசலா?’ என்று எழுதியது. திங்கள் காலை ரேடியோவில் க்ரோத்தின் குரலே கேட்டது: “எனக்கு என்ன பயம்? வியாழக்கிழமை ஹைஸ்கூல் ஜிம்முக்கு வர்றேன். அந்தம்மா என்ன வேணா கேட்கட்டும்.”

அன்று மாலை மார்லிஸின் கணவர் ஆர்லன் பீட்ரூட் வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்து நின்றார்.

“பிரிட்டா, உங்க பெரியம்மா பேர் போட்ட விளம்பர அட்டையெல்லாம் எங்கம்மா? அதுக்குப் பணம் கட்டி மூணு நாளாச்சு.”

“எங்க கட்டினீங்க பெரியப்பா?”

“உன் கம்ப்யூட்டர்லதான், தொறந்தே கெடந்துச்சே. இருநூறு டாலர். ‘மார்லிஸ், ஆம்’, ‘மார்லிஸ், இல்லை’ன்னு ரெண்டு பட்டன். கட்டின பொண்டாட்டிக்கு ‘இல்லை’ன்னா அமுக்குவேன்?”

விற்கவும் வாங்கவும் நாதியில்லாத சந்தையில் இருநூறு டாலர் ஒரு யானை; விலையை இருபத்தொன்றுக்குத் தூக்கியது அதுதான். பிரிட்டா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“அந்தப் பத்திரிகைக்காரிக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொல்லிடு,” என்றாள் மார்லிஸ்.

“ஐயோ, சொன்னா அவர் வரமாட்டார் பெரியம்மா!”

“வரலைன்னா போறார். பொய்யைக் காட்டி எனக்கு யாரும் வர வேணாம்.”

பிரிட்டா அழாத குறையாகப் போனில் சொன்னாள். புதன்கிழமை செய்தி வந்தது. விலை மூன்றுக்கு இறங்கியது. ஆனால் செய்தியைப் படித்த ஊர் சிரித்த சிரிப்பில், க்ரோத்துக்குப் பின்வாங்க வழியில்லாமல் போனது. இருநூறு டாலருக்குப் பயந்து வருகிறேன் என்றவர், இப்போது வராவிட்டால் மானம் போகும். வியாழக்கிழமை வேடிக்கை பார்க்கவே பள்ளியின் உள்விளையாட்டு அரங்கமான அந்த ஜிம்மில் அறுநூறு பேர் கூடிவிட்டார்கள்.

க்ரோத் அரை மணி நேரம் தாளைப் பார்த்துப் படித்தார். மார்லிஸ் எழுந்தாள்.

“வலியோட எழுபத்தோரு மைல் போக எவ்வளவு நேரமாகும், செனட்டர்?”

“ஒரு மணி நேரம்.”

“பனி கொட்டுறப்போ?”

அவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். அந்த இடைவெளியில், மேல் வரிசையில் ஒரு பெண் இடுப்புக் குழந்தையோடு எழுந்து நின்றாள். “இவ முப்பத்தெட்டாவது மைல்ல பொறந்தா.” இந்தப் பக்கமிருந்து ஒருவன், “எங்க பையன் அம்பத்திரண்டு. டிரக் சீட்ல.” பின்னாலிருந்து ஒரு குரல், “ஒன்பது!” அதற்குப் பிறகு யார் எங்கிருந்து எழுகிறார்கள் என்றே தெரியவில்லை. குழந்தைகளைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்கள். க்ரோத் தன் பேச்சுத் தாளைத் திருப்பிப் போட்டு, சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

“மெதுவா, ஒவ்வொருத்தரா சொல்லுங்க,” என்றாள் மார்லிஸ் மைக்கில். “செனட்டர் எழுதிக்கிறார்.”

கூரை அதிரக் கைதட்டினார்கள். பிரிட்டா செல்போனைப் பார்த்தாள்: மார்லிஸின் விலை இன்னும் மூன்றே சென்ட்தான். முன்னால் இருபது வருஷத்து செனட்டர் குனிந்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக மைல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நீங்களே சொல்லுங்கள், அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தால், அவள் மதிப்பு மூன்று சென்ட்தான் என்று சொல்ல உங்களுக்கு வாய் வந்திருக்குமா?